ஒரே நாளில் கிளம்பியவை

சட்டகம் கிடைத்தது
ஹெப்டன் பிரிட்ஜுக்கு மேலே, ஒரு கோழிக் கொட்டகையில்.
பின்சக்கரம் இல்லை.
முன்கவையின் அடியில் வைக்கோல் சேர்த்து
பழுப்புக் கோழியொன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.
குஞ்சு பொரிக்கட்டும், பொறுங்கள் என்றாள் வீட்டுக்காரி.
பொறுத்தேன், மூன்று வாரம்.

என்ஜின் கிடைத்தது பள்ளத்தாக்கின் மறுசரிவில்,
மரப் பட்டறையில்.
பெல்ட் மாட்டி ரம்பம் சுற்றியே
முப்பது குளிர்காலம் கழித்திருந்தது.
துடுப்புகளுக்கிடையே மரத்தூள் கெட்டித்து
பிசின் மணத்தது.
அளவு பொருந்தும், விலை மலிவு;
அதற்குமேல் எதையும் யோசித்து வாங்கவில்லை.

ஆலையின் பழைய பதிவேடுகளை
வைத்திருப்பவர்களுக்கு எழுதிப் போட்டேன்.
பதில் ஒரே வரி:
இந்தச் சட்டக எண், இந்த என்ஜின் எண்,
பர்மிங்ஹாமிலிருந்து ஹாலிஃபாக்ஸ் முகவருக்கு
ஒரே நாளில் கிளம்பியவை. ஒரே வண்டி.
மூன்று தடவை படித்தேன்.
டீ ஆறிப்போயிற்று.

கோழிக்காரியின் மாமனார் சிரில் பாரக்ளஃப்.
பட்டறைக்காரன் அவர் அண்ணன் ஏனோக்.
அறுநூற்றைம்பது சிசி, இரட்டை சிலிண்டர்,
வெளிர் தங்க நிறம்.
இருபத்துநான்கு தவணை, ஆளுக்குப் பன்னிரண்டு.
திங்கள் செவ்வாய் புதன் ஏனோக்குக்கு.
வியாழன் வெள்ளி சனி சிரிலுக்கு.
ஞாயிறு யாருக்கென்று
யாரும் எழுதிவைக்கவில்லை.

ஸ்கார்பரோ கடற்கரைக்கு
ஒருத்தியைக் கூட்டிப்போன ஞாயிறு என்கிறார்கள்.
அதெல்லாம் இல்லை,
பெட்ரோலுக்குத் தராத நாலு ஷில்லிங் என்கிறார்கள்.
எதுவானால் என்ன.
ஒரு சனிக்கிழமை இரவு, மழையில்,
பேச்சில்லாமல் போல்ட் போல்ட்டாகக் கழற்றி
பங்கு பிரித்துக்கொண்டார்கள்.
மூத்தவனுக்கு என்ஜின், இளையவனுக்கு மிச்சம்.
டாங்க் எவர் பங்குக்குப் போனதோ.
என்னுடையது ஒரு டச்சுக்காரன் அனுப்பியது.

பகலில் பஸ் டெப்போ. இரவில் இது.
இன்றைய ஸ்பானர் எதுவும் இதன் நட்டைக் கவ்வாது;
விட்வொர்த் அளவு தேடி மூன்று சந்தை அலைந்தேன்.
ஸ்டியரிங் டாம்பருக்கு அடியில்
வாஷருக்குப் பதிலாக ஓர் ஆறு பென்னிக் காசு.
துளை நேராக அரசர் மூக்கில்.
எவன் செய்த சிக்கனமோ.
துடைத்து அங்கேயே மாட்டினேன்.

இந்த வகை என்ஜினில்
பிஸ்டன் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்.
வெடிப்பது மட்டும் முறை வைத்து:
ஒன்று எரியும்போது மற்றது மூச்சிழுக்கும்.
நடுக்கம் அதனால்தான்.
அறுபது மைலைத் தாண்டினால்
பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி
இரண்டாகத் தெரியும்.
எண்ணெயும் ஒழுகும். ஒழுகாவிட்டால்
எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏழாவது உதையில் உயிர் வந்தது.
அன்று முழுக்க என் வலது கணுக்கால் வீங்கியிருந்தது,
நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஏனோக் செத்து ஒன்பது வருடம்.
சிரிலை மருமகள் காரில் கொண்டுவந்தாள்.
எண்பத்தெட்டு வயது, கழுத்துவரை பட்டன்,
முன்பின் சொல்லாத முகம்.
வண்டியைச் சுற்றி நடந்தார்.
காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டார்.
ஓடும் வண்டியின் டாங்கில்
உள்ளங்கையை வைத்தார்.

ஐட்லிங் கூடுதல், என்றார்.
கால் திருகு குறைத்தேன்.
இன்னும்.
இன்னும் கொஞ்சம்.
நின்றுவிடும் என்று பயந்த இடத்தில்
நிற்காமல் நின்று துடித்தது:
ஒன்று, மற்றது, ஒன்று, மற்றது.
தலையசைத்தார்.

ஏறி உட்காருங்கள், என்று சைகை காட்டினேன்.
சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
இன்றைக்கு என்ன கிழமை?
விரலால் தூசிக் கண்ணாடியில் எழுதிக் காட்டினேன்:
செவ்வாய்.

கையை எடுத்துக்கொண்டார்.
நாளை மறுநாள் வருகிறேன், என்றார்.